ரொக்கம், ஒரே விலை: டோக்கியோ கடைவீதியின் கதை

கடைக்குள் நுழைகிறோம். விரும்பிய பொருளை எடுத்துப் பார்க்கிறோம். அதில் கட்டியுள்ள சீட்டில் விலை எழுதப்பட்டிருக்கிறது. மனம் ஒப்பினால் அந்தத் தொகையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொள்கிறோம். ஒப்பாவிடில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். செல்வர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் சீட்டிலுள்ள எண் மாறுவதில்லை. இதில் புதுமை என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும்.

புதுமை உண்டு. உலக வணிக வரலாற்றின் மிகப் பெரும்பகுதியில் விலை என்பது எழுதி வைக்கப்பட்டதன்று. ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. வந்தவரின் உடை, ஊர், அவசரம், அறியாமை ஆகியவற்றை எடைபோட்ட பின்னரே வணிகர் வாய் திறப்பார். இந்த வழக்கத்தை மாற்றத் துணிந்தவர்கள் சிலர் வெவ்வேறு நாடுகளில் தோன்றினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'குவேக்கர்' எனப்படும் கிறித்தவப் பிரிவினர், ஒரு பொருளுக்கு இரண்டு விலை சொல்வது பொய் சொல்வதாகும் என்று கருதி, ஒரே விலைக்கு விற்றனர். அதே நூற்றாண்டில், அவர்களைப் பற்றி யாதும் அறியாத ஒரு ஜவுளி வணிகர் கீழ்த்திசைக் கோடியில் அதே முடிவுக்கு வந்தார். அவர் கடை திறந்த நகரமே இன்றைய டோக்கியோ. அந்தக் கடை தோன்றிய கதையையும், அதன் வழியே அம்மாநகரின் கடைவீதிகள் வளர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

எடோ என்னும் மாநகர்

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. தொகுகாவா இயேயாசு என்னும் தளபதி 1590-இல் அங்கு வந்து குடியேறியபோது அது கடலோரத்துச் சிற்றூர். 1603-இல் அவர் 'ஷோகுன்' என்னும் படைத்தலைவர் பதவியை அடைந்து நாட்டின் ஆட்சியைக் கைக்கொண்டார். பேரரசர் கியோத்தோவிலேயே இருந்தார். அதிகாரம் எடோவில் இருந்தது. அதே ஆண்டில் கட்டப்பட்டது நிஹொன்பாஷி என்னும் மரப்பாலம். நாட்டின் ஐந்து பெருஞ்சாலைகளும் அந்தப் பாலத்திலிருந்தே புறப்பட்டன; தொலைவுகள் அங்கிருந்தே அளக்கப்பட்டன. பாலத்தின் ஓரத்தில் மீன் சந்தை. அதைச் சுற்றிப் பண்டசாலைகளும் துணிக்கடைகளும்.

நகரம் விரைந்து பெருத்ததற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. சிற்றரசர்கள் கலகம் செய்யாதிருக்கும் பொருட்டு, அவர்கள் ஓராண்டு தம் நாட்டிலும் ஓராண்டு எடோவிலும் மாறி மாறித் தங்கவேண்டும் என்று 1635-இல் சட்டம் வகுக்கப்பட்டது. அவர்களுடைய மனைவியரும் வாரிசுகளும் எடோவிலேயே நிரந்தரமாக இருக்கவேண்டும். ஏறத்தாழ 260 சிற்றரசர்களின் மாளிகைகளும், அவற்றிலிருந்த வீரர்களும் பணியாளர்களும் உண்பதற்கும் உடுப்பதற்கும் தேவையானவற்றைத் தருவதற்கென்றே வணிகர்களும் கைவினைஞர்களும் திரண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்து லட்சம். அக்கால உலகின் மிகப்பெரிய நகரங்களில் அது ஒன்று.

தாயிடம் கற்ற வணிகம்

இஸே மாநிலத்தில் மட்சுசாகா என்றோர் ஊர். அங்கு 1622-இல் பிறந்தவர் மிட்சுயி தகாதொஷி. நான்கு ஆண்மக்களில் இவரே இளையவர். தந்தை வாணிகத்தில் நாட்டம் இல்லாதவர்; கவிதையிலும் பொழுதுபோக்கிலும் காலம் கழித்தவர். குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் ஷுஹோ. அடகுக்கடையையும், அரிசி மதுவும் மிசோ என்னும் பயற்றுக்குழம்பும் விற்கும் கடையையும் அந்த அம்மையாரே நடத்தினார். எதையும் வீணாக்காத சிக்கனமும், வாடிக்கையாளரிடம் பரிவோடு பேசும் பண்பும் அவரிடம் இருந்தன. மிட்சுயி குடும்பம் இன்றளவும் தன் வாணிகத்தின் மூலமாகப் போற்றுவது அந்தத் தாயைத்தான்.

தகாதொஷி பதினான்காம் வயதில் எடோவுக்குச் சென்று, மூத்த தமையனார் நடத்திய துணிக்கடையில் வேலை பயின்றார். அவருடைய திறமை வெகுவிரைவில் வெளிப்பட்டது. முதிர்ந்த தாயைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக இருபத்தெட்டாம் வயதில் ஊர் திரும்பினார். அவர் எடோவில் தனிக்கடை வைப்பதைத் தமையனார் விரும்பவில்லை. ஊரிலேயே இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்தியவாறு, தம் மக்களை ஒவ்வொருவராக எடோவுக்கு அனுப்பித் தொழில் பயிலச் செய்தார். இவ்வாறு இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

1673-இல் தமையனார் காலமானார். அப்போது தகாதொஷிக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. முதிய தாயின் ஒப்புதலையும் பெற்று, அவ்வாண்டிலேயே எடோவின் ஹொன்சோ வீதியில் ஒரு சிறு துணிக்கடையைத் திறந்தார். கடையின் முகப்பு ஒன்பது அடிக்கு மேற்பட்டதன்று. பெயர் 'எச்சிகோயா'.

ஆளுக்கு ஒரு விலை

அக்காலத்தில் எடோவின் பெரிய துணி வணிகர்கள் கடையில் அமர்ந்து விற்பதில்லை. மாதிரித் துணிகளை எடுத்துக்கொண்டு பிரபுக்களின் மாளிகைகளுக்குச் சென்று காட்டி, வேண்டியதைக் கேட்டறிந்து பின்னர் அனுப்புவார்கள். அல்லது துணிகளையே சுமந்து சென்று வீட்டில் விற்பார்கள். பணம் உடனே வராது. ஆண்டுக்கு இருமுறை, ஆவிகளுக்குரிய கோடைத் திருவிழாவின்போதும் ஆண்டு முடிவிலும் கணக்குத் தீர்ப்பது வழக்கம். சிலர் ஆண்டுக்கு ஒருமுறையே தீர்த்தார்கள். சிலர் தீர்க்காமலே விட்டதும் உண்டு.

ஆறு மாதக் கடனுக்கு வட்டி வேண்டும். வராத கடனுக்கு ஈடு வேண்டும். மாளிகைதோறும் அலையும் சிப்பந்திகளுக்குக் கூலி வேண்டும். இவை யாவும் துணியின் விலைமீதே ஏறின. அதனால் ஒழுங்காகப் பணம் கொடுத்தவர், கொடுக்காதவருடைய கடனையும் சேர்த்துச் சுமந்தார். பிரபுவிடம் கைநீட்டிக் கேட்க முடியாததை வணிகர் எளியவரிடம் பெற்றார். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை. துணியையும் முழுச்சுருளாகவே வாங்கவேண்டும். ஒரு பிள்ளைக்குச் சட்டை தைக்கச் சிறு துண்டு தேவைப்படும் ஏழைத் தாய்க்கு அந்தக் கடைகளில் இடமில்லை.

தகாதொஷி இவையனைத்தையும் மாற்றினார். விற்பனை கடையில் மட்டுமே. பணம் ரொக்கமாக அப்போதே. விலை ஒன்றே; அதற்குமேல் ஏற்றிச் சொல்வதும் இல்லை, குறைப்பதும் இல்லை. துணி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வெட்டித் தரப்படும். அவசரமென்றால் காத்திருக்கும்போதே தைத்தும் தரப்படும். 1683-இல் இந்தச் செய்தியைத் துண்டறிக்கையாக அச்சிட்டு நகரெங்கும் வழங்கினார்கள். மழை நாளில் கடைக்கு வந்தவர்களுக்குக் கடையின் முத்திரை பொறித்த குடைகளை இரவலாகக் கொடுத்தனுப்பியதும் பிற்காலத்தில் வழக்கமாயிற்று; மழை பெய்தால் நகரமெங்கும் எச்சிகோயாவின் பெயர் நடமாடியது.

ஒவ்வொரு விற்பனையிலும் இலாபம் குறைவு. ஆனால் பணம் உடனே திரும்பி வந்ததால், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ சுழலவேண்டிய முதல் பலமுறை சுழன்றது. இஹாரா சைகாக்கு என்னும் எழுத்தாளர் 1688-இல் வெளியிட்ட வணிகர் கதைகளில் இக்கடையை வருணிக்கிறார். நாற்பதுக்கு மேற்பட்ட சிப்பந்திகள் இருந்தனர் என்றும், ஒருவர் ஒருவகைத் துணிக்கே பொறுப்பேற்றார் என்றும், நாளொன்றுக்குச் சராசரியாக 150 பொற்காசு வாணிகம் நடந்தது என்றும் அவர் எழுதியுள்ளார்.

நம்பி வருகிறவனின் உரிமை

இவ்விடத்தில் நம் மார்க்கம் வகுத்த வணிக நெறியை நினைவு கூர்வது பொருத்தமாகும். இஸ்லாம் பேரம் பேசுவதைத் தடுக்கவில்லை. இருவரும் மனமொப்பிச் செய்யும் வியாபாரத்தை அது அனுமதிக்கிறது. அது தடுப்பது ஏமாற்றை. அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயம் திருமறையில் இறங்கியிருக்கிறது. மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அவ்வளவு பரவலாக அறியப்படாத ஒரு சட்டமும் உண்டு. சந்தை நிலவரம் தெரியாமலும் பேரம் பேசத் தெரியாமலும், விற்பவரையே நம்பி வாங்குகிறவரை ஃபிக்ஹு நூலார் 'முஸ்தர்ஸில்' என்று அழைப்பர். அப்படிப்பட்டவரிடம் அளவுக்கு மிஞ்சிய விலை வாங்குவது மோசடி என்றும், அவர் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் சட்ட அறிஞர்களில் ஒரு சாரார் தீர்ப்புக் கூறியுள்ளனர். பேரத்தில் வல்லவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு அவ்வளவாகத் தேவையில்லை. நம்பி வருகிறவனுக்குத்தான் அது தேவை. எடோவின் ஜவுளி வணிகர் இந்த நூல்களைக் கண்டதில்லை. ஆயினும் நம்பி வருகிறவன் இழப்படையாத ஒரு கடையை அவர் அமைத்தார். அவர் அதை அறத்துக்காக மட்டும் செய்தார் என்று சொல்லவேண்டுவதில்லை. இலாபமும் கருதியே செய்தார். நேர்மையிலும் இலாபம் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியதே அவருடைய சாதனை.

பகையும் வெற்றியும்

பழைய கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தம் வாடிக்கை மாளிகைகள் எச்சிகோயாவை நாடத் தொடங்கியதும் அவர்கள் ஒன்றுகூடினர். கொடுக்கல் வாங்கலை நிறுத்தி அக்கடையைத் தனிமைப்படுத்தினர். சிப்பந்திகளை ஆசைகாட்டி இழுக்க முயன்றனர். எச்சிகோயாவின் அடுக்களைக்கு எதிரிலேயே பொதுக் கழிப்பிடம் ஒன்றைக் கட்டி, கழிவு அப்பக்கம் வரும்படி செய்தனர் என்று மிட்சுயி குடும்ப வரலாறு கூறுகிறது.

1683-இன் தொடக்கத்தில் எடோவைப் பெருந்தீ ஒன்று அழித்தது. அதில் கடையும் போயிற்று. தகாதொஷி அதையே வாய்ப்பாகக் கொண்டு, பகைவர் நடுவிலிருந்து விலகிச் சுருகாச்சோ என்னும் வீதியில் பெரிய கடையைக் கட்டினார்; பக்கத்திலேயே நாணய மாற்றுக் கடையும் வைத்தார். 1687-இல் அரசாங்கத்திற்கே துணி வழங்கும் உரிமை கிடைத்தது. அதன்பின் எதிர்ப்பு அடங்கியது. பிற கடைகளும் நாளடைவில் அவர் முறையையே பின்பற்றின. ஹொகுசாயும் ஹிரோஷிகேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த புகழ்பெற்ற ஓவியங்களில் சுருகாச்சோ வீதியைக் காணலாம். இருமருங்கும் எச்சிகோயாவின் கூரைகள்; நடுவே தொலைவில் ஃபூஜி மலை. ஹொகுசாயின் ஓவியத்தில் 'ரொக்கம், ஏற்றிய விலை இல்லை' என்ற கடைப்பலகையும் தெரிகிறது.

1694-இல் தகாதொஷி மறைந்தார். கடன் என்னும் கண்ணியைக் குடும்பம் மறக்கவில்லை. அவருடைய பேரர் தகாஃபுசா, சிற்றரசர்களுக்குக் கடன் கொடுத்து அழிந்துபோன கியோத்தோ வணிகக் குடும்பங்கள் ஏறக்குறைய ஐம்பதின் கதைகளைத் தொகுத்து, வருங்காலத் தலைமுறைக்கு எச்சரிக்கையாக எழுதி வைத்தார்.

வணிகனுக்கு மதிப்பு எங்கே?

இத்தனை இருந்தும் அந்நாட்டுச் சமூகத்தில் வணிகனுக்கு மதிப்பில்லை. போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று நால்வகைப்பட்டோரில் வணிகனே கடையன் என்று அக்காலத்து அறிஞர்கள் போதித்தனர். எதையும் விளைவிக்காமலும் செய்யாமலும் பிறர் உழைப்பில் வாழ்பவன் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம். அண்ணலாரே வணிகராக வாழ்ந்த வரலாறு உடைய நமக்கு இது விந்தையாகத் தோன்றும்.

இந்தப் பழியை மறுத்தவர் இஷிதா பைகான் (1685-1744). உழவர் குடியில் பிறந்து, கியோத்தோவில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தியாக உழைத்தவர். 1729-இல் தம் வீட்டிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். கட்டணம் இல்லை, அறிமுகம் வேண்டியதில்லை, பெண்களும் வந்து கேட்கலாம். வீரன் பெறும் ஊதியம் எத்தகையதோ அத்தகையதே வணிகன் பெறும் நேர்மையான இலாபம் என்பது அவர் போதனையின் சாரம். இரட்டை விலை சொல்வதும் பதுக்குவதும் இலாபம் ஆகா, அவை திருட்டு. அவர் தொடங்கிய இயக்கம் அவருக்குப் பின் நாடெங்கும் பரவி, கடைச் சிப்பந்திகளின் ஒழுக்கப் பள்ளியாக விளங்கியது.

பாயிலிருந்து கண்ணாடிப் பேழைக்கு

1868-இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. எடோ, டோக்கியோ ஆயிற்று. பிரபுக்கள் கலைந்தனர், துணிக்கடை நட்டத்தில் விழுந்தது. மிட்சுயி குடும்பம் வங்கித் தொழிலில் இறங்க விரும்பியது. நட்டக்கடை வங்கியின் பெயரைக் கெடுத்துவிடலாகாதென்று 1872-இல் அந்தத் தாய்க்கடையையே குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். பிரிந்த கடைக்கு மிட்சுயியின் 'மிட்சு'வையும் எச்சிகோயாவின் 'எச்சி'யை மற்றொரு விதமாகப் படித்தால் வரும் 'கோஷி'யையும் சேர்த்து 'மிட்சுகோஷி' என்று பெயர் சூட்டினர்.

அதுவரை கடை என்றால் பாய் விரித்த கூடம். வந்தவர் பாதணியைக் கழற்றிவிட்டு ஏறி அமர்வார். சிப்பந்தி எதிரில் அமர்ந்து தேவையைக் கேட்பார். பையன்கள் உள்ளே ஓடித் துணிகளைச் சுமந்து வருவார்கள். எதைக் காட்டுவது என்பது சிப்பந்தியின் விருப்பம். 1890-களில் இந்த முறை மாறத் தொடங்கியது. துணிகள் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கப்பட்டன. வாங்குபவர் தாமே நடந்து பார்த்துத் தெரிவு செய்யலாம், வாங்காமலும் போகலாம். முதற்புரட்சி விலையை வெளிப்படையாக்கியது. இந்த இரண்டாம் புரட்சி பொருளை வெளிப்படையாக்கியது.

ஹிபி ஓசுகே என்பவரின் தலைமையில் 1904-இல் மிட்சுகோஷி தன்னை எல்லாப் பொருளும் விற்கும் பேரங்காடியாக அறிவித்தது. 1914-இல் நிஹொன்பாஷியில் எழுந்த அதன் புதுக்கட்டடத்தில் மின்தூக்கியும், ஜப்பானின் முதல் நிரந்தர நகரும் படிக்கட்டும் இருந்தன. வாயிலில் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களைப் போன்று இரண்டு வெண்கலச் சிங்கங்கள் அமர்த்தப்பட்டன. இன்றும் அங்கு ஒருவரையொருவர் சந்திக்க வருவோர் அந்தச் சிங்கத்தினடியில் காத்திருப்பது வழக்கம். கண்காட்சி, இசை, உணவகம், மேல்மாடித் தோட்டம் எனப் பேரங்காடி குடும்பங்களின் ஓய்வுநாள் பொழுதுபோக்கிடம் ஆயிற்று. பெண்கள் துணையின்றி வந்து உலவவும், பிறகு சிப்பந்திகளாக வேலை பெறவும் அது வழி திறந்தது.

நிலம் நடுங்கிய நாள்

1923 செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்னதாகப் பெரும் நிலநடுக்கம். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த நேரம். தீ நகரை விழுங்கியது. இறந்தவரும் காணாமற்போனவரும் ஏறத்தாழ 1,05,000 பேர். மிட்சுகோஷி எரிந்தது, நிஹொன்பாஷியின் மீன் சந்தையும் அழிந்து, த்சுகிஜிக்கு இடம் மாறியது. அங்கிருந்து 2018-இல் தொயோசுவுக்குச் சென்றது.

அந்தப் பேரழிவிலிருந்து மூன்று மாற்றங்கள் பிறந்தன. பேரங்காடிகள் நகரின் பல பகுதிகளில் தற்காலிகச் சந்தைகள் திறந்து அன்றாடத் தேவைப் பொருள்களை விற்றன. செல்வருக்குரியதாகக் கருதப்பட்ட அங்காடி பொதுமக்களுக்குரியதாயிற்று. அடுத்து, பாதணியைக் கழற்றி வைக்கும் பழைய வழக்கம் மறைந்தது. ஆயிரக்கணக்கான மரச்செருப்புகளை வாங்கி, அடையாளச் சீட்டுக் கொடுத்து, தவறாமல் திருப்பித் தருவது பெருந்தொல்லையாகியிருந்தது. புதிதாகக் கட்டிய கடைகளில் செருப்போடு நடந்து செல்லலாம் என்றதும், வழிப்போக்கரும் தயங்காமல் நுழைந்தனர். மூன்றாவது மாற்றம் தெருக்களில் நிகழ்ந்தது. செங்கல் கட்டடங்களால் புகழ்பெற்ற கின்ஸா வீதி இடிந்தது. அந்தச் செங்கற்களை வாங்கிச் சென்று, நகரின் தென்மேற்கில் சேறு நிறைந்த தொகோஷி என்னும் பகுதியின் தெருவில் பரப்பினர். நன்றிக்கடனாகவோ பெருமைக்காகவோ அத்தெருவுக்குத் 'தொகோஷி கின்ஸா' என்றே பெயரிட்டனர். ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தெருவில் இன்றும் சிறுகடைகள் நெருங்கி நிற்கின்றன. அதைப் பின்பற்றி நாடெங்கும் கடைத்தெருக்கள் 'கின்ஸா' என்று பெயர் சூடிக்கொண்டன.

மிட்சுயி குடும்பமோ இதற்குள் வங்கி, சுரங்கம், ஏற்றுமதி என்று நாட்டின் பொருளாதாரத்தையே ஆட்டிவைக்கும் வல்லமை பெற்றுவிட்டது. 1931-இல், யென் மதிப்பு வீழப்போவதை எதிர்பார்த்து டாலர் வாங்கிக் குவித்தார்கள் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1932 மார்ச் 5-ஆம் நாள், அந்நிறுவனங்களின் தலைவர் தான் தகுமா, நிஹொன்பாஷியில் மிட்சுயி கட்டடத்தின் வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை எவ்வகையிலும் நியாயமாகாது. ஆயினும் எளியவருக்கும் ஒரே விலை என்று கூறி மக்களின் நம்பிக்கையைப் பெற்ற குடும்பம், அதே வீதியில் மக்களின் வெறுப்புக்கு ஆளானதை வரலாறு மறைக்கவில்லை.

கறுப்புச் சந்தையும் ஒரு நீதிபதியும்

போர் வந்தது. ஆடம்பரப் பொருள்களுக்குத் தடை, 1942-இல் துணிக்கும் பங்கீடு, 1945-இல் குண்டுவீச்சு. மார்ச் 10-ஆம் நாள் ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். தோல்விக்குப் பின் பங்கீட்டு உணவு உயிர்வாழப் போதவில்லை. இரயில் நிலையங்களைச் சுற்றிக் கறுப்புச் சந்தைகள் முளைத்தன. அவற்றில் பெயர்பெற்றது உவேனோவில் இரயில்பாதையின் அடியில் தோன்றிய அமேயோகோ. சர்க்கரை அரிதாயிருந்த அந்நாளில் அங்கு மிட்டாய் விற்றதாலும், அமெரிக்கப் படையினரின் பொருள்கள் விற்றதாலும் அப்பெயர் வந்தது என்பர்.

யமகுச்சி யொஷிதாதா என்பவர் டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி. கறுப்புச் சந்தைக் குற்றங்களை விசாரிப்பது அவர் பொறுப்பு. பசிக்காக அரிசி வாங்கிய ஏழைகளைத் தண்டிக்கும் கையால் அதே அரிசியை உண்பது முறையன்று என்று அவர் கருதினார். பங்கீட்டில் வந்ததில் பெரும்பகுதியைத் தம் இரு குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, தாமும் மனைவியும் கஞ்சி குடித்தனர். உறவினர் அனுப்பிய உதவியையும் ஏற்க மறுத்தார். 1947 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார். அக்டோபர் 11-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 33.

உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதையும் உண்ணலாம் என்பது நம் ஷரீஅத் தரும் சலுகை. அந்த அளவுகோலில் பார்த்தால் அவர் தம் உடலுக்குரிய உரிமையைக் கொடுக்கவில்லை என்றே கூறவேண்டும். ஆனால் பிறருக்கு ஒரு தராசு, தனக்கு ஒரு தராசு வைத்திருப்போரையே எங்கும் காணும் உலகில், இரண்டையும் ஒன்றாக்கத் துணிந்த அந்த மனிதரை மரியாதையோடு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

துணி சுமந்த முஸ்லிம்கள்

டோக்கியோ கடைவாழ்வில் நம் சமுதாயத்தவருக்கும் ஒரு சிறிய பங்கு உண்டு. 1917 ரஷியப் புரட்சிக்குப் பின், தத்தாரிய முஸ்லிம்கள் பலர் மஞ்சூரியா வழியாக ஜப்பானில் அடைக்கலம் புகுந்தனர். முதலும் இல்லை, மொழியும் தெரியாது. அவர்களில் பலர் கம்பளித் துணிகளைத் தோளில் சுமந்து, வீடு வீடாகச் சென்று விற்றுப் பிழைத்தனர். ஜப்பானியர் மேனாட்டு உடைக்கு மாறிக்கொண்டிருந்த காலமாதலால் அந்தத் துணிக்குத் தேவை இருந்தது. அந்த வருவாயிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும், அரபு எழுத்தில் நூல் அச்சிட ஓர் அச்சகமும் அமைத்தனர். 1938-இல் யொயோகி பகுதியில் டோக்கியோ பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு ஜப்பானியர் உதவியதில் அக்காலத்து அரசியல் நோக்கமும் கலந்திருந்தது. அதன் முதல் இமாம் அப்துர்ரஷீத் இப்ராஹீம் 1944-இல் அந்நகரிலேயே காலமானார். பழுதடைந்த அக்கட்டடம் 1986-இல் இடிக்கப்பட்டு, துருக்கிய பாணியில் 2000-இல் புதிதாக எழுப்பப்பட்டது. இன்று ஷின் ஓகுபோ இரயில் நிலையத்தருகே ஒரு சந்தில் ஹலால் இறைச்சியும் மசாலாப் பொருளும் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. பாங்கு ஒலி கேட்காத அந்தப் பெருநகரில், பல நாட்டு முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொள்ளும் இடமாக அச்சந்து விளங்குகிறது.

ஆளில்லாத கடை

பேரங்காடிகளின் பொற்காலம் கடந்துவிட்டது. 1972-இல் விற்பனையில் மிட்சுகோஷியை 'தாய்யெய்' என்னும் மலிவு விலை அங்காடி முந்தியது. 1974-இல் தொயோசுவில் ஒரு சிறு மதுக்கடை, ஜப்பானின் முதல் 'செவன் இலெவன்' கடையாக மாறியது. இன்று அத்தகைய கடைகள் நாடெங்கும் ஐம்பதாயிரத்துக்கு மேல். 1991-இல் ஏறத்தாழ 9.7 லட்சம் கோடி யென்னாக உச்சம் தொட்ட பேரங்காடிகளின் ஆண்டு விற்பனை அதன்பின் சரிந்தது. 1662-இல் தொடங்கி எச்சிகோயாவோடு போட்டியிட்ட ஷிரோகியாவின் நிஹொன்பாஷிக் கடை 1999-இல் மூடப்பட்டது. மிட்சுகோஷி 2008-இல் இசெத்தான் நிறுவனத்தோடு இணைந்தது. அதன் பழைய கட்டடம் மட்டும் 2016 முதல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகிறது. கோடையிலும் ஆண்டு முடிவிலும் நன்றிப் பரிசு அனுப்பும் மக்கள், இன்றும் அதன் உறைத்தாளைச் சுற்றி அனுப்புவதைக் கௌரவமாகக் கருதுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை கடன் தீர்த்த பழைய காலத்தின் தவணைகள் இன்று நன்றி தீர்க்கும் தவணைகளாகியிருப்பது போலத் தோன்றுகிறது.

ஆனால் நான் இக்கட்டுரையை முடிக்க விரும்புவது பேரங்காடியில் அன்று. டோக்கியோவின் மேற்கில் நெரிமா போன்ற பகுதிகளில், வீடுகளுக்கு நடுவே இன்றும் சிறு காய்கறித் தோட்டங்கள் உள்ளன. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு மரத்தட்டு. அதில் முள்ளங்கியும் கீரையும் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருக்கும். அருகில் விலை எழுதிய அட்டை; காசு போட ஒரு சிறு பெட்டி. விற்பவர் அங்கு இருப்பதில்லை. வாங்குகிறவர் காசைப் பெட்டியில் இட்டுவிட்டுக் கட்டை எடுத்துச் செல்கிறார்.

1673-இல் ஒரு வணிகர், வாங்குபவர் தம்மை நம்பலாம் என்று பலகை எழுதி வைத்தார். இந்தத் தோட்டக்காரரோ வாங்குபவரைத் தாம் நம்புவதாகச் சொல்லாமற் சொல்கிறார். அந்த நம்பிக்கை எப்போதும் காப்பாற்றப்படுகிறது என்று கூறமுடியாது. காசு போடாமல் எடுத்துச் செல்வோரும் உண்டு; அதனால் சிலர் மரத்தட்டை எடுத்துவிட்டு, காசு போட்டால் மட்டுமே திறக்கும் இரும்புப் பெட்டிகளை வைத்துவிட்டனர். எஞ்சியுள்ள தட்டுகளில் நாள்தோறும் காலையில் காய்கறி வைக்கப்படுகிறது. மாலையில் பெட்டியைத் திறந்து காசு எண்ணப்படுகிறது. கணக்குச் சரியாக இருக்கும் வரை அந்தத் தட்டு அங்கே இருக்கும். வாணிகம் செய்து வாழும் குடும்பங்களில் பிறந்த நாம், யாரும் பார்க்காதபோதும் கணக்குக் கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்கள். நம் கடை முன்னும் அப்படி ஒரு தட்டை வைக்க முடியுமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ளலாம்.